மராண்ட்ஸ் 7, ஆடியோ ரிசர்ச் எஸ்.பி.10: இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டது

நண்பர் ஒருவரிடம் பழைய மராண்ட்ஸ் 7 ப்ரீஆம்ப் இருக்கிறது. ரெக்கார்டு ப்ளேயர் மாதிரியானவற்றின் சிக்னலை வாங்கி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்குத் தரும் பெட்டிதான் ப்ரீஆம்ப். அவருடைய அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. 120 வோல்ட் பெட்டி என்பதால் கீழே ஒரு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் எப்போதும் உட்கார்ந்திருக்கும். "இதுக்கு மேல ப்ரீஆம்பே கிடையாதுப்பா" என்பார். இன்னொருவர் ஆடியோ ரிசர்ச் கம்பெனியின் எஸ்.பி.10 ப்ரீஆம்ப் கட்சி. சரி, பேசிக்கொண்டே இருப்பானேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஒரே மேசையில் வைத்தோம்.

மராண்ட்ஸ் 7 வெளிவந்தது 1958-ல். 12ஏஎக்ஸ்7 வகை வால்வுகள் (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்) ஆறுதான் மொத்த வேலையும் செய்கின்றன. எஸ்.பி.10 1980-களின் சரக்கு. பவர் சப்ளைக்குத் தனிப்பெட்டி, சிக்னல் பாதையில் 6டிஜே8 வால்வுகள்.

முதல் சுற்றில் எல்லாரும் எஸ்.பி.10-க்கே கை தூக்கினார்கள். அது கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடியது, அவ்வளவுதான். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவந்ததும் பாதி வர்ணனை காணாமல் போனது. 'துடிப்பு', 'உயிரோட்டம்' எல்லாம் வால்யூம் குமிழில்தான் இருந்திருக்கிறது.

மீதி இருந்த வித்தியாசம் நிஜமானது. வாய்ப்பாட்டு எல்.பி. ஒன்றில் தம்புரா மராண்ட்ஸில் ஒரே நாதமாகக் கலந்து பாடகருக்குப் பின்னால் நின்றது. எஸ்.பி.10-ல் ஒவ்வொரு தந்தியையும் விரல் மீட்டுவது தனித்தனியாகக் கேட்டது. எனக்கு முதலாவதுதான் பிடித்தது. கச்சேரியில் நான் தந்தி எண்ணுவதில்லை.

ஆனால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், மராண்ட்ஸில் மெலிந்து ஒலித்தது. எங்கள் சந்தேகம் பவர் ஆம்ப் மேல் போனது. அது ட்ரான்சிஸ்டர் வகை, இன்புட் இம்பிடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் தடை) வெறும் 10 கிலோஓம். வால்வு ப்ரீஆம்பின் கடைசியில் வழக்கமாக ஒரு கப்ளிங் கப்பாசிட்டர் இருக்கும்; டி.சி.யைத் தடுத்து சிக்னலை மட்டும் விடும் பாகம் அது. அடுத்த பெட்டியின் இம்பிடன்ஸ் குறைவாக இருந்தால் அது கனத்த ஒலிகளையும் சேர்த்துக் குறைத்துவிடும். உதாரணத்துக்கு அது 0.47 மைக்ரோஃபாரட் என்றால், 10 கிலோஓம் சுமையில் 34 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் இறங்கிவிடும், அதற்கு மேலும் கொஞ்ச தூரம் பாதிப்பு தெரியும். 100 கிலோஓம் சுமை என்றால் அதே இறக்கம் 3.4 ஹெர்ட்ஸில்தான். நண்பரின் வால்வு பவர் ஆம்பை மாட்டினோம், தொப்பி திரும்பி வந்தது. அடிக்கும்போது உள்ளங்கை தோலில் அழுந்துவது வரை கேட்டது. ப்ரீஆம்பைத் திட்டும் பல பேர் உண்மையில் இந்தப் பொருத்தமின்மையைத்தான் திட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

அப்புறம் வால்வு மாற்றும் படலம். டெலிஃபுங்கன், முல்லார்ட் என்று வெவ்வேறு கம்பெனி வால்வுகளை மாற்றி மாற்றிச் செருகினார்கள். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வால்வை மட்டும் பென்சில் நுனியால் தட்டினால் ஸ்பீக்கரில் 'டிங்' என்று மணி அடித்தது. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டோம். விலை என்னவோ அதற்குத்தான் அதிகம்.