சிபியு 9 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

2016-இல் வாங்கிய லேப்டாப். ஐ5 புராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். நாலு வருடத்தில் நிலைமை எப்படி ஆனதென்றால், ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பழுது பார்க்கும் கடையில், "புராசஸர் பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். நானும் விற்பதற்குப் படமெல்லாம் எடுத்துவிட்டேன்.

ஒருநாள் எரிச்சலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு 9 சதவீதம். பழசாகிவிட்டது என்று சொல்லப்பட்ட புராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது! டிஸ்க் மட்டும் 100-இல் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் அது படித்த வேகமோ நொடிக்கு 2 எம்பிகூட இல்லை. முழு மூச்சாக உழைத்து 2 எம்பியா என்று மண்டை காய்ந்தது.

அப்புறம்தான் புரிந்தது. அந்த டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. படிக்கும் முனை இடம் விட்டு இடம் நகரும் நேரத்தையும் சேர்த்தால், நொடிக்கு நூறு இடங்களைத் தொடுவதே பெரும்பாடு. ஒரு முழு சினிமாவை காப்பி செய்யச் சொன்னால் அதே டிஸ்க் 100 எம்பி வேகத்தில் ஓடும். விண்டோஸ் தொடங்கும்போது அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான பொடிக் கோப்புகளைக் கேட்டால்தான் படுத்துவிடும். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் தகவல் சிப்புகளில் இருக்கும்; சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை.

சென்னை ரிச்சி தெருவில் 240 ஜிபி சாட்டா (பழைய டிஸ்கின் அதே இணைப்பு வகை) எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே மாட்டி, விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். இப்போது 20 நொடியில் எழுந்துவிடுகிறது. புராசஸர் அதே பழசுதான்.

பதில் 1:
எனக்கு எஸ்எஸ்டி இருந்தும் தகராறு. வீடியோ எடிட்டிங்கில் முதல் பத்து நிமிடம் பறக்கும், பிறகு நொண்டும். மென்பொருள்மேல் பழி போட்டு விண்டோஸை இரண்டு முறை மாற்றி ஏற்றினேன். கடைசியில் வெப்பநிலையைப் பார்த்தால் 97 டிகிரி. சூடு தாங்காமல் புராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றினால், மெத்தையில் அடைத்த பஞ்சு மாதிரி காற்றுத் துவாரம் முழுக்கத் தூசி. சுத்தம் செய்து, புராசஸரின் சூட்டை வெளியே கடத்த உதவும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றினேன். இப்போது 80-ஐத் தாண்டுவதில்லை.

பதில் 2:
யாரும் சிரிக்கக் கூடாது. கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டிவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே செருகி வைத்திருந்தேன். ஒரு மாதம் புது கார்டு சும்மாவே கிடந்தது!

பதில் 3:
அப்பாவின் கணினியிலும் டிஸ்க் 100 காட்டுகிறது. ரேம் 4 ஜிபி, அதுவும் 95 சதவீதம். எஸ்எஸ்டி வாங்கிவிடட்டுமா அண்ணா?

முதலில் எழுதியவர்:
கொஞ்சம் பொறுங்கள் தம்பி. ரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் இறக்கி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். அந்தப் போக்குவரத்தே டிஸ்கை 100-க்குத் தள்ளியிருக்கலாம். உங்களுக்கு முதல் சந்தேகம் ரேம்மேல்தான். மூடியைத் திறக்க வேண்டாம், டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று போட்டிருக்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.