சுருட்டுப் பெட்டியிலிருந்து 1918க்கு: மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர்களின் அனுபவப் பகிர்வு

சிறுவர் வரலாற்றுப் புதினங்களில் நான் பகிர்ந்துகொள்ள எடுத்துக்கொண்டது, கிளேர் வாண்டர்பூல் எழுதி 2011ஆம் ஆண்டு அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம் பெற்ற ‘மூன் ஓவர் மேனிஃபெஸ்ட்’. 1936ஆம் ஆண்டுக் கோடையில், தந்தையால் தனியே அனுப்பப்பட்ட அபிலீன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி, கான்சாஸ் மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றுக்கு வந்து சேர்கிறாள். அவள் தங்கும் அறையின் தரைப்பலகைக்கு அடியில் ஒரு சுருட்டுப் பெட்டி கிடைக்கிறது. அதற்குள் பழைய கடிதங்களோடு ஒரு தக்கை, ஒரு வெள்ளி டாலர், ஒரு சாவி, மிகச் சிறிய மரப்பொம்மை ஒன்று எனச் சில்லறைப் பொருள்கள். குறிசொல்லும் மூதாட்டி சேடி 1918இன் கதையைத் தவணை முறையில் சொல்லச் சொல்ல, அப்பொருள்கள் ஒவ்வொன்றாகக் கதைக்குள் வந்து அமர்கின்றன.

ஆறாம் ஆண்டில் படிக்கும் என் மகள் பொறுமையிழந்து, அப்பெட்டியில் இருந்த, முதல் உலகப்போர்க் களத்திலிருந்து நெட் என்ற இளைஞன் எழுதும் கடிதங்களை மட்டும் தேடித் தேடி ஒரே மூச்சில் படித்துவிட்டாள். கடிதங்கள் எங்கே நின்றுபோகின்றன என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அதற்காக வருந்துமளவுக்கு அவளுக்கு அங்கே யாரையும் தெரியவில்லை. மறுபடி முதற்பக்கத்திலிருந்து தொடங்கினாள். அக்கடிதங்களில் குறிப்பிடப்படும் உளவாளி யார் என்ற புதிர் எனக்குச் சற்று மெலிவாகத்தான் பட்டது. இத்தனை கதை சொல்லும் ஊரில் அபிலீனின் தந்தையைப் பற்றி மட்டும் ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை என்பதே இறுதிவரை இழுத்துச் செல்லும் கேள்வி. விடையை இங்கே சொல்லப் போவதில்லை.

பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள், சுரங்க முதலாளியின் கைக்குப் போகவிருக்கும் ஒரு நிலத்தைத் தாங்களே வாங்குவதற்காகப் பணம் திரட்டும் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இங்கே ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலின்போது, தொழிலாளர்களே தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் மலாயா இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கூலியிலிருந்து பங்குப்பணம் கட்டியவர் அம்மா. “அவர்களுக்கு நிலம் கிடைத்ததா?” என்றுதான் உடனே கேட்டார், உளவாளியைப் பற்றிக் கேட்கவேயில்லை.

மறுமொழி:

டீச்சர், எனக்குச் சேடி மீது எரிச்சலே வந்தது. சுவையான இடத்தில் நிறுத்திவிட்டுச் சிறுமியைத் தோட்ட வேலைக்கு அனுப்பிவிடுகிறார். ஆயினும் என் தாத்தாவும் அப்படித்தான். 1948 ஜூன் 16 அன்று நம் ஊர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதன்பின் மலாயாவில் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் வந்ததையும் சொல்வார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்ட கதைக்கு வந்ததும் வெற்றிலைப் பெட்டியைத் தேடத் தொடங்கிவிடுவார். மீதியை அத்தையிடம்தான் கேட்டு வாங்கினேன்.

இன்னொரு மறுமொழி:

தடித்த புத்தகத்தைக் கண்டு ஓடும் பையன்களுக்கு, 1999இல் அதே பதக்கம் பெற்ற லூயிஸ் சேக்கரின் ‘ஹோல்ஸ்’ பொருந்தும் அக்கா. வறண்ட ஏரியில் நாளொன்றுக்கு ஒரு குழி தோண்டும் சிறுவர்களின் கதைக்குள் நூறாண்டுக்கு முந்தைய கதையொன்று குறுக்கிடுகிறது. அத்தியாயங்கள் மிகச் சிறியவை என்பதால், என் வகுப்பில் கடைசி வரிசைப் பையன்களும் முடித்துவிட்டார்கள்.