கலைச்சொல் வேண்டல்: பக்கத்து வாத்தியத்தின் ஒலி நம் மைக்கில் ஏறுவதற்கு (‘பிளீட்’)

அனைவருக்கும் வணக்கம்.

புளூகிராஸ் (தந்தி வாத்தியங்களை மையமாகக் கொண்ட அமெரிக்க நாட்டார் இசை) பாணியில் புதிதாகக் குழு சேர்ந்து முதல் ஆல்பம் பதிய நினைப்பவர்களுக்கான கையேட்டின் சொற்பட்டியல் ஏறத்தாழ முடிந்துவிட்டது. மாண்டலின், பாஞ்சோ, கிதார், ஃபிடில், டபுள் பேஸ், டோப்ரோ ஆகிய பெயர்களில் கைவைக்கவில்லை. ஒரு வாத்தியம் பாட்டைத் தொடங்கிக் கொடுப்பதற்கு ‘எடுப்பு’, கடைசியில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் முடிப்புக்கு ‘முத்தாய்ப்பு’ என்று வைத்திருக்கிறோம். இரண்டும் நம் கச்சேரிச் சொற்களே என்பதால் விளக்கம் தேவைப்படவில்லை. முதலில் பதிந்ததன்மேல் பிறகு பதிவதற்கு ‘மேற்பதிவு’.

‘பிளீட்’ மட்டும் இடிக்கிறது. வரைவில் ‘ஒலிக்கசிவு’ என்று இருக்கிறது. ‘ஊடுருவல்’ என்றும் ஒரு பரிந்துரை வந்தது. “ஒலிக்கசிவை முற்றிலும் தவிர்க்கவும்” என்று வரைவில் உள்ள வரியைப் பதிவுக்கலை அறிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

———

> “ஒலிக்கசிவை முற்றிலும் தவிர்க்கவும்”

ஐயா, வணக்கம். இந்த வரி தவறு. அதை எழுதவைத்தது அந்தச் சொல்தான். ‘கசிவு’ என்றதும் குழாயை அடைக்கத்தான் கை போகும். புளூகிராஸ் பதிவில் அடைப்பது நோக்கமல்ல, அளவோடு வைத்திருப்பதுதான் நோக்கம்.

இந்த இசை அப்படித்தான் உருவானது. மாண்டலின் கலைஞர் பில் மன்ரோவின் குழுவில் கிதார் வாசித்த லெஸ்டர் ஃபிளாட்டும் பாஞ்சோ வாசித்த ஏர்ல் ஸ்கிரக்ஸும் இருந்தபோது, 1946 செப்டம்பரில் சிகாகோவில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிந்த பாடல்கள்தான் இந்தப் பாணிக்கே இலக்கணம். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடமாகப் பிரித்துப் பதியும் வசதி அன்று இல்லை. எல்லோரும் ஒரே அறையில் நின்று வாசித்தார்கள். மேடையில் ஒரே மைக்கைச் சுற்றி நின்று, தன் முறை வரும்போது முன்னே வந்து வாசித்துவிட்டு விலகும் பழக்கம் இன்றும் இருக்கிறது. தாள வாத்தியம் இல்லாத குழு இது. ஒன்று, மூன்றாம் அடிகளை பேஸ் பிடிக்கிறது. இரண்டு, நான்காம் அடிகளில் மாண்டலின் ‘சாப்’ (அடித்த உடனே அடக்கிவிடும் குறுகிய அடி) அடிக்கிறது. ஒருவர் அடியில் இன்னொருவர் சாய்ந்துதான் தாளம் நிற்கிறது. ஆளுக்கொரு கண்ணாடி அறையில் அடைத்தால் அந்தச் சாய்மானம் போய்விடும்.

எப்போது கெடுக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பாஞ்சோ தன் மைக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, கிதாரின் மைக் பாஞ்சோவுக்கு 1 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று கொள்ளுங்கள். பாஞ்சோவின் ஒலி இரண்டாவது மைக்குக்கு 70 செ.மீ. கூடுதலாகப் பயணிக்கிறது, நொடிக்கு 343 மீட்டர் வேகத்தில் அது சுமார் 2 மில்லிநொடித் தாமதம். இரண்டு தடங்களையும் கூட்டும்போது 245 ஹெர்ட்ஸ் அருகிலும், அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களிலும் அலைகள் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழிக்கும். பாஞ்சோ தகரடப்பாபோல் கேட்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். ஆனால் கிதார் மைக்கில் ஏறிய பாஞ்சோ 10 டெசிபல் குறைவாக இருந்தால், அந்தப் பள்ளம் 3 டெசிபல் அளவோடு நின்றுவிடும். காதுக்கு அது அறையின் நிறமாகத்தான் படும்.

அந்த 10 டெசிபலுக்காகத்தான் மூன்றுக்கு ஒன்று என்ற விதி. வாத்தியத்துக்கும் அதன் மைக்குக்கும் 30 செ.மீ. என்றால், அடுத்த மைக் குறைந்தது 90 செ.மீ. தள்ளி நிற்கவேண்டும். ஒலி சுமார் 9.5 டெசிபல் குறைந்து போய்ச்சேரும். இதை அப்படியே நம்பிவிடக்கூடாது. பாஞ்சோவின் உரப்பு அதிகம், கிதாரின் உரப்பு குறைவு. கிதார் மைக்கின் பெருக்கத்தைக் கூட்டினால் பாஞ்சோவும் சேர்ந்து கூடும். ஆகவே அந்த இருவரையும் அருகருகே உட்காரவைக்கக் கூடாது. இரண்டு மீட்டர் விட்டு, கிதார் மைக்கின் முதுகு பாஞ்சோவைப் பார்க்கும்படி வைப்பது நல்லது. முன்னும் பின்னும் மட்டும் ஒலி வாங்கும் எட்டு வடிவ ரிப்பன் மைக் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் பக்கவாட்டுகளில் காது செவிடு, அந்தப் பக்கத்தைப் பாஞ்சோவுக்குக் காட்டலாம்.

தடுப்புப் பலகைகளை நம்பிப் பணம் கொட்டுவோர் உண்டு. நெஞ்சுயரப் பலகை மாண்டலினின் கூர்மையைக் குறைக்கும். டபுள் பேஸை ஒன்றும் செய்யாது. பேஸின் கீழ் ‘இ’ தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்த அலை எட்டு மீட்டருக்கும் மேல் நீளமானது, பலகையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். அதற்கு மருந்து வடிகட்டியில் இருக்கிறது. மாண்டலினுக்கும் ஃபிடிலுக்கும் கீழ்ச்சுரம் 196 ஹெர்ட்ஸ்தான் என்பதால், அவற்றின் தடங்களில் 120க்குக் கீழ் உள்ளதை வெட்டிவிடலாம். வழக்கமான சுருதியில் கிதார் 82 வரை இறங்கும். அங்கே 70க்கு மேல் கைவைக்காதீர்கள்.

ஆக, அடைக்கவேண்டிய ஒன்றுக்கான சொல்லாக இது இருக்கக்கூடாது. என் பரிந்துரை ‘அயலொலி’. “கிதார் தடத்தில் அயலொலி அதிகம்”, “அயலொலி இயல்பாக இருக்கிறது, விட்டுவிடலாம்” என இரண்டு பக்கமும் பேச இடம்கொடுக்கிறது.

———

அம்மையீர், விளக்கத்துக்கு நன்றி. இரண்டு தடைகளை எழுப்புகிறேன்.

ஒன்று: மொழி பற்றி எழுதுபவர்கள் ‘அயலொலி’ என்றால் பிறமொழி ஒலி என்று கொள்வார்கள். ‘பக்கவொலி’ என்று வைத்தால் என்ன என்று யோசித்தேன். பக்கவாத்தியம் நினைவுக்கு வந்து, துணைக்கு வாசிப்பவரின் ஒலி என்ற பொருள் தட்டுகிறது. அதனால் அதை நானே கைவிடுகிறேன்.

இரண்டு: கசிவு என்பதே பொருந்தும் இடமும் இருக்கிறது. பாடகர் காதில் போட்டிருக்கும் ஹெட்போனிலிருந்து தாளக் குறியின் ‘டிக் டிக்’ வெளியே வந்து மைக்கில் ஏறுகிறதே, அதை எந்தக் குழுவும் விரும்பாது. முத்தாய்ப்பு முடிந்து தந்திகள் அடங்கும் அந்த நாலைந்து நொடியில் தெளிவாகக் கேட்டுத்தொலைக்கும். கடைசி அடிக்கு முன்பே தாளக் குறியை நிறுத்திவிடச் சொல்லி கையேட்டில் ஒரு வரி சேருங்கள். கேபிள்களுக்கிடையே மின்வழியில் ஒன்று மற்றொன்றில் தொற்றுவது வேறு; அதற்கு ஏற்கெனவே மின்னணுவியல் சொல் இருக்கிறது, இங்கே கலக்கவேண்டாம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படும். மாண்டலின்காரர் தன் முறையில் ஒரு சுரத்தைத் தவறவிடுகிறார். அவர் தடத்தை மட்டும் மறுபடி பதிந்து ஒட்டுகிறோம். பழைய பிழை ஃபிடில் மைக்கிலும் கிதார் மைக்கிலும் அப்படியே கிடக்கிறது. புதிய சுரத்துக்குப் பின்னால் மங்கலாகக் கேட்கிறது. புதிய குழுக்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். இதற்கு என்ன பெயர்?

———

‘எச்சவொலி’ போதும் என்று நினைக்கிறேன். பெயரைவிட, அது வராமல் வேலை செய்யும் முறையைக் கையேட்டில் எழுதுவது முக்கியம்.

தடத்தைத் தனியாகத் திருத்தாதீர்கள். குழு முழுவதும் அந்தப் பகுதியை மறுபடி வாசிக்கட்டும், எல்லாத் தடங்களையும் ஒரே இடத்தில் வெட்டி ஒட்டுங்கள். வெட்டுவதற்கு ஏற்ற இடம் சாப் விழும் அடி. மாண்டலின்காரர் திறந்த தந்தி இல்லாத சுரக்கூட்டைப் பிடித்து, அடித்த கையோடு இடதுகை விரல்களைத் தளர்த்துவதால் ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று சாகிறது. அந்த எழுச்சிக்கு ஒரு மயிரிழை முன்னே வெட்டினால் ஒட்டு தெரியாது. நீண்ட ஃபிடில் வில்லின் நடுவே வெட்டினால் கட்டாயம் தெரியும்.

இதற்கு இரண்டு டேக்குகளின் (ஒவ்வொரு முறை வாசித்துப் பதிந்ததன்) வேகமும் சுருதியும் ஒத்திருக்கவேண்டும். தாளக் குறியோடு வாசிக்க விரும்பாத குழு, ஒவ்வொரு டேக்குக்கும் முன் மெட்ரோனோமை எட்டு அடி கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். சுருதியை (‘ஏ’ சுரம் 440 ஹெர்ட்ஸ்), கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கக் கழுத்தில் மாட்டும் கவ்வி) போட்ட பிறகு, ஒவ்வொரு டேக்குக்கும் பார்க்கவேண்டும். கேப்போ தந்தியை இழுத்துச் சுருதியை ஏற்றிவிடும். நாற்காலியும் மைக்கும் நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். ஒரு சாண் நகர்ந்தாலும் அயலொலியின் நிறம் மாறும், அப்புறம் ஒட்டு பிடிபடும்.

பாட்டின் நடுவே மாண்டலின் உரக்க இருக்கிறது என்று கலவையில் அதன் தடத்தைக் குறைத்தாலும் மாண்டலின் குறையாது. மற்ற நான்கு மைக்குகளிலும் இருக்கிறதே. சமநிலையை அறையில் வாசிப்பவர்களே உண்டாக்கவேண்டும். யாராவது பாடும்போது பாஞ்சோ பாலத்தை விட்டுத் தள்ளி மெதுவாக மீட்ட, ஃபிடில் அடங்க, மாண்டலின் சாப் மட்டும் கொடுக்கவேண்டும். ஸ்டூடியோவுக்குப் போகுமுன் ஒரு போனை அறை நடுவே வைத்து ஒத்திகையைப் பதிந்து கேளுங்கள். அதில் பாட்டின் சொற்கள் புரியவில்லையென்றால் ஐந்து மைக் வைத்தாலும் புரியாது.

குரலை மட்டும் மேற்பதிவாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. வாத்தியங்களைப் பதியும்போது பாடகர் வாயசைத்துத் தலையாட்டினால் போதும். மெல்லப் பாடினாலும் கிதார் மைக்கில் ஏறி, பிறகு பாடும் குரலோடு மோதும். முதன்மைக் குரல், அதற்கு மேலே டெனார், கீழே பாரிடோன் மூவரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று சேர்ந்து பாடினால் குரல்கள் ஒட்டும். ஒருவர் பிசகினால் மூவரும் மறுபடி பாடவேண்டியதுதான், வேறு வழியில்லை.

‘அயலொலி’ என்ற என் பரிந்துரையிலேயே நிற்கிறேன். மொழியியலோடு குழப்பம் வராது. தடம், மைக் என்ற சொற்கள் பக்கத்திலேயே நிற்கும்.

———

ஐயா, அம்மா, இருவருக்கும் நன்றி. பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.

அயலொலி: ஒரு வாத்தியத்துக்கோ குரலுக்கோ வைத்த மைக்கில் காற்றுவழி வந்து பதியும் மற்றொன்றின் ஒலி. குறையாகவும் இருக்கலாம், அறையின் ஒருமையாகவும் இருக்கலாம்.

ஒலிக்கசிவு: ஹெட்போனிலிருந்து வெளியேறி மைக்கில் பதிவது மட்டும்.

எச்சவொலி: ஒரு தடத்தில் திருத்திய பிறகும் பிற தடங்களின் அயலொலியில் தங்கிவிடும் பழைய வாசிப்பு.

வரைவில் இருந்த வரியை “அயலொலியை உரிய தடத்தைவிட 10 டெசிபல் கீழே வைத்திருக்கவும்; ஒலிக்கசிவை முற்றிலும் தவிர்க்கவும்” என்று மாற்றிவிட்டேன். ‘சாப்’புக்குச் சொல் இன்னும் கிடைக்கவில்லை. ‘வெட்டு’ என்று வைத்தால் தடத்தை வெட்டுவதோடு கலந்துவிடும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.