ஊர் வீட்டு உட்சுவர்களுக்கு எந்தப் பினிஷ்?

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்குள் ஊர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க நினைப்பவர்கள், வெளிநாட்டில் இருந்தபடியே நிறத்தை மட்டும் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பினிஷை, அதாவது பூச்சு காய்ந்தபின் எவ்வளவு பளபளக்கும் என்பதை, பெயிண்டரின் போக்கில் விட்டுவிடுகிறார்கள். சுவரைத் துடைக்க முடியுமா, அதன் குறைகள் மறையுமா என்பதெல்லாம் பினிஷைப் பொறுத்தவை என்பதால் இதை எழுதுகிறேன்.

பெயிண்டில் பசைப்பொருள் கூடி, நிறத்தூளும் நிரப்புத்தூளும் குறையும்போது பளபளப்பு வருகிறது. அப்பூச்சு இறுகி நிற்பதால் கறை உள்ளே இறங்காது. ஆனால் ஒளியைத் திருப்பி அடிப்பதால் சுவரின் மேடுபள்ளத்தை அப்படியே காட்டிக் கொடுத்துவிடும். கூடத்தில் டியூப்லைட்டுக்குக் கீழே, வெளிச்சம் சுவரை உரசிக்கொண்டு இறங்கும் இடத்தில், கரணை போன தடம் ஒவ்வொன்றும் நிழலோடு தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே கூடம், படுக்கையறை, சீலிங் ஆகியவற்றுக்குப் பளபளப்பில்லாத மேட் பினிஷே பொருத்தம். பின்னாளில் ஓரிடத்தில் மட்டும் திருத்தி அடித்தாலும் மேட்டில் அவ்வளவாகத் தெரியாது.

சமையலறைக்கு இது உதவாது. தாளிப்புப் புகையில் படியும் பிசுக்கை மேட் சுவரில் தேய்த்தால், கறை முழுதும் போகாது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கித் திட்டாக நிற்கும். டைல்ஸுக்கு மேலுள்ள பகுதிக்கும், விளக்குப் புகை படியும் பூஜை அறைக்கும் இலேசாக மினுங்கும் சாட்டின் பினிஷ் அடியுங்கள். குளியலறைக்கும் அதுவே போதும், காற்றுப் போக வழி இருக்குமானால்.

நான் மிகவும் கவலைப்படுவது, ஓதம் ஏறும் பழைய காரைச் சுவர்களைப் பற்றித்தான். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டில் அடிச்சுவர் உவர் பூத்துப் பொரிந்திருந்தால், அதை மறைப்பதற்காக எனாமலோ பளபளப்பான எமல்ஷனோ அடிக்கச் சொல்லும் ஆலோசனைக்கு இணங்காதீர்கள். இறுகிய பூச்சுக்குப் பின்னால் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கி, பெயிண்டைக் கொப்புளமாகத் தள்ளி, காரையோடு உரித்துவிடும். ஈரம் வரும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள். அதுவரை அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதே நல்லது. பழைய வெள்ளை பொருக்காக நிற்கும் சுவரைச் சுரண்டாமல், சுவரை மட்டமாக்கும் பட்டி பார்க்கவும் விடாதீர்கள். பட்டியும் பெயிண்டும் அந்தப் பொருக்கோடு சேர்ந்தே உதிரும்.

அறைவாரியாகப் பினிஷை எழுதிப் பெயிண்டருக்கு அனுப்பிவிட்டு, வாளியின் மேலுள்ள பினிஷ் பெயர் தெரியும்படி படம் கேட்டு வாங்குங்கள். மூடி திறக்குமுன் வாங்க வேண்டும்; திறந்துவிட்டால் கடைக்காரர் மாற்றித் தரமாட்டார்.

அன்புடன்,
சங்க உறுப்பினர் ஒருவர்