இ.எஸ்.ஐ. வேலையிழப்பு நிவாரணம்: ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கிடைக்குமா?

மணலிவாசி
தம்பிக்கு மணலியில் காண்ட்ராக்ட் வேலை. மாதம் 15,000, இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு, மூன்று வருஷமாகிறது. ஆகஸ்ட் 10-க்கு மேல் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கணக்கு முடித்துத் தருவோம் என்கிறார் சூப்பர்வைசர். வேலை போனால் இ.எஸ்.ஐ.யில் பணம் உண்டாமே, எவ்வளவு, எத்தனை நாள்? ஆஸ்பத்திரி கார்டும் போய்விடுமா? அம்மாவுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில்தான் சுகர் மாத்திரை வாங்குகிறோம்.

கொருக்குப்பேட்டை தோழர்
தயவுசெய்து எழுதிக் கொடுக்க வேண்டாம் தோழர். அந்த ஒரு தாளில்தான் எல்லாம் கெடுகிறது. தானாக வேலையை விட்டவருக்கு இந்த நிவாரணம் கிடையாது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஓய்வு வயதை எட்டியவர், கதவடைப்பிலோ சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்ட வேலைநிறுத்தத்திலோ இருப்பவர் ஆகியோருக்கும் இல்லை.

நிறுவனம் மாதாந்திர இ.எஸ்.ஐ. சந்தாவை (சம்பளத்தில் பிடித்துக் கட்டும் தொகை) ஆன்லைனில் ஏற்றும்போது, வேலையில் இல்லாதவர் பெயருக்கு எதிரே கடைசி வேலை நாளையும் ஒரு காரண எண்ணையும் போடுவார்கள். 2 என்றால் வேலையை விட்டுவிட்டார், 10 என்றால் ஆட்குறைப்பு. பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் 2 போட்டுவிடுகிற கணக்காளர்கள் நிறையப் பேர். கையில் ராஜினாமா இருந்தால் அவர் போட்டதுதான் சரி என்றாகிவிடும். "வேலை இல்லாததால் நிறுத்தப்பட்டார்" என்று தேதியோடு கடிதம் கேளுங்கள். தராவிட்டால் நீங்களே நடந்ததை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலும் ரசீதும் பத்திரப்படுத்துங்கள். கையெழுத்து வாங்கியே தீருவேன் என்று மிரட்டினால் தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் மனு. முறைப்படி ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ், வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்ற இழப்பீட்டுக் கேள்வியும் எழும். ராஜினாமா கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒற்றியூர் செல்வி
பணக் கணக்கு நான் சொல்கிறேன். திட்டத்தின் பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, 2018 ஜூலையில் வந்தது. முதலில் சராசரி தினக்கூலியில் 25 சதவீதம்தான், 2020-ல் 50 ஆக்கினார்கள். அவ்வப்போது நீட்டித்து நடத்தும் திட்டம் என்பதால், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வேலை போவதற்கு முன் இரண்டு வருஷம் இ.எஸ்.ஐ. வேலையில் இருந்திருக்க வேண்டும். சந்தாக் காலம் ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறாறு மாதம். ஆகஸ்டில் வேலை போனால், முடிந்துபோன அக்டோபர்–மார்ச்சில் 78 நாள் சந்தா கட்டாயம். அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும்.

அந்த நான்கு காலத்தின் மொத்தச் சம்பளத்தை 730-ஆல் (இரண்டு வருஷ நாட்கள்) வகுத்து, அதில் பாதிதான் ஒரு நாள் நிவாரணம். 15,000 வீதம் 24 மாதம் 3,60,000. தினத்துக்கு 493 ரூபாய், பாதி 246 ரூபாய் 58 காசு. 90 நாளுக்குச் சுமார் 22,190. நடுவில் நான்கு மாதம் சந்தா விழாமல் போனாலும் வகுக்கும் எண் அதே 730 என்பதால் தொகை 18,490-க்கு இறங்கிவிடும். அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரு முறைதான். இடையில் வேறு வேலை கிடைத்தால் அன்றோடு நிற்கும்; மறைத்து வாங்கினால் வழக்காகும்.

வேலை போய் 30 நாள் கழித்து இ.எஸ்.ஐ. தளத்தில் விண்ணப்பித்து, பிரிண்ட் எடுத்து, ஆதார், பாஸ்புக் நகலோடு கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஆதாரிலும் இ.எஸ்.ஐ. பதிவிலும் பெயர் எழுத்து மாறியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

மணலிவாசி
நன்றி அக்கா. போன வருஷம் காண்ட்ராக்டர் மாறியபோது புது இ.எஸ்.ஐ. நம்பர் கொடுத்துவிட்டார்கள். பாதிப்பு உண்டா?

கொருக்குப்பேட்டை தோழர்
உண்டு, பெரிய பாதிப்பு. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் முழுக்க இதுதான் கதை. காண்ட்ராக்டர் மாறினாலும் காப்பீட்டு எண் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாக இருந்தால் புது எண்ணில் ஒரு வருஷ சந்தாதான் தெரியும், இரண்டு வருஷம் ஆகவில்லை என்று திருப்பிவிடுவார்கள். இரண்டு எண்ணையும் இணைக்கச் சொல்லி இப்போதே கிளை அலுவலகத்தில் மனு கொடுங்கள், 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை. சந்தா நிஜமாகவே கட்டினார்களா என்பதையும் தளத்தில் மாதம் மாதமாகப் பாருங்கள். 15,000-க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டுக் கட்டாத மாதம் இருந்தால் அந்தச் சீட்டுதான் சாட்சி.

வியாசை ராணி
அம்மா மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லையே. வேலை போன அன்றே கார்டு செத்துவிடாது. அக்டோபர்–மார்ச் சந்தாவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை வைத்தியம். இந்த ஏப்ரல் முதல் ஆகஸ்ட் 10 வரை 78 நாள் சந்தா சேர்ந்திருந்தால், வருகிற ஜனவரி முதல் ஜூன் 30 வரைக்கும் உண்டு. டிஸ்பென்சரியில் கார்டு செல்லாது என்று சொன்னால் சந்தா விவரத்தைப் பிரிண்ட் எடுத்துக் காட்டுங்கள்.

ஜூனுக்குப் பிறகும் வேலை இல்லை என்றால், முறையான ஆட்குறைப்போ ஆலை மூடலோ நடந்தவருக்கு ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று இன்னொன்று இருக்கிறது. முதல் 12 மாதம் சராசரி தினக்கூலியில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம், வைத்தியமும் சேர்த்து. இதுவும் ராஜினாமா செய்தவருக்கு இல்லை. ஒரே நாட்களுக்கு இரண்டு திட்டத்திலும் பணம் தரமாட்டார்கள்.

தமிழக அரசின் வேலையற்றோர் உதவித்தொகை வேறு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள். பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பட்டதாரிக்கு 600. தம்பி சம்பளத்திலேயே குடும்பம் ஓடியிருந்தால் வருமானச் சான்றிதழில் அடிபடும், அதை நம்பி அலைய வேண்டாம்.