பொருள்: மறு: இரும்பு அடுக்குச் சேர்மங்களுக்கு 'மாசூட்டல்' பொருந்துமா?

அன்புள்ள அக்கா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நீங்கள் அனுப்பிய கலைச்சொல் பட்டியலில் டோப்பிங்குக்கு (ஒரு படிகத்தில் வேறு தனிமத்தின் அணுக்களைச் சேர்ப்பதற்கு) எல்லா இடத்திலும் 'மாசூட்டல்' என்றே போட்டிருக்கிறீர்கள். சிலிக்கானுக்குச் சரி. பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகளைப் பார்த்து வளர்ந்த பினாங்குப் பிள்ளைகளுக்கு அந்தப் பொருள்தான் முதலில் தோன்றும்: லட்சக்கணக்கான சிலிக்கான் அணுக்களுக்கு நடுவே ஒரு போரானோ பாஸ்பரஸோ. மின்கடத்தல் மாறும், படிக அமைப்பு அப்படியே இருக்கும்.

இரும்பு அடுக்குச் சேர்மமான பேரியம் இரும்பு ஆர்செனைடில் கதையே வேறு. தூய படிகத்தைக் குளிர்வித்தால் 140 கெல்வின் அருகே இரும்பணுக்கள் அமைந்த தளத்தின் சதுரக் கட்டம் கலைகிறது. ஒரு பக்கம் நீள்கிறது, மற்றது குறுகுகிறது. வேறுபாடு ஒரு விழுக்காடுகூட இல்லை. கூடவே இரும்பின் காந்தத் திருப்புத்திறன்களும், அதாவது ஒவ்வோர் அணுவின் சிறு காந்தமும், ஒழுங்குக்கு வருகின்றன: நீண்ட பக்கத்தில் அடுத்தடுத்து எதிரெதிராக, குறுகிய பக்கத்தில் ஒரே திசையில். நூறு இரும்பணுக்களில் இரண்டு மூன்றை நீக்கிக் கோபால்ட்டை வைத்தாலே, ஏறக்குறைய ஒன்றாக நடந்த இவ்விரண்டும் பிரிந்துவிடும். வடிவம் முதலில் மாறும், காந்த ஒழுங்கு இன்னும் குளிர்ந்த பிறகுதான் வரும். ஆறேழு வைத்தால் இரண்டும் வெகுவாக அடங்கி, 20 கெல்வினுக்குச் சற்று மேலேயே மீக்கடத்தல் (மின்தடையே இல்லாத நிலை) தொடங்கும். இதைப் பார்த்த பிறகும் கோபால்ட்டை மாசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொட்டாசியம் பேரியத்தின் இடத்தில், இரும்புத் தளத்துக்கு வெளியே அமர்கிறது. அங்கே அந்த இரண்டு மாற்றங்களும் பிரிவதில்லை. மீக்கடத்தல் 38 கெல்வின் வரை போகும் என்று 2008இல் ரோட்டர், தெகல், யோரென்ட் காட்டினார்கள். ஆர்செனிக்கில் பத்துக்கு மூன்றை பாஸ்பரஸாக்கினால் 30 கெல்வின். இதில் எலக்ட்ரான் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மாங்கனீசை இரும்பின் இடத்தில் வைத்தாலோ பழைய காந்த ஒழுங்கு தளர்கிறது, மீக்கடத்தல் வருவதே இல்லை.

ஆகவே 'பதிலீடு' என்பதே என் பரிந்துரை. எந்த இடத்தில் என்பதும் சேர்ந்தே வரட்டும். கோபால்ட்டுக்கு இரும்பிடப் பதிலீடு, பொட்டாசியத்துக்குப் பேரிய இடப் பதிலீடு, பாஸ்பரஸுக்குச் சமதிறப் பதிலீடு.

அன்புடன்,
தம்பி, பினாங்கு

*

தம்பி,

பதிலீட்டை ஏற்கிறேன். கரிம வேதியியலில் 'பதிலீட்டு வினை' இருக்கிறதே, குழம்பாதா என்று ஒரு கணம் யோசித்தேன். அங்கேயும் ஓர் அணு விலக இன்னொன்று அமர்வதுதான், குழப்பம் வராது. இலங்கை நண்பர்கள் 'பிரதியீடு' என்பார்கள், அதையும் பக்கத்தில் போடுவோம்.

'சமதிற' மட்டும் இடிக்கிறது. எந்தத் திறன் என்று கோலாலம்பூரில் என் மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். 'சம இணைதிறப் பதிலீடு' என்று முழுசாகவே எழுதிவிடுவோம், நீளமானாலும் பரவாயில்லை. மற்ற இரண்டையும் நீங்கள் சொன்னபடியே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். சிலிக்கான் பகுதியில் மாசூட்டல் இருக்கட்டும்.

அக்கா