அக்ரோஇகாலஜி: ‘பல்லுயிர் வேளாண்மை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

அக்ரோஇகாலஜி, அதாவது மண், பயிர், பூச்சி, பறவை எல்லாவற்றின் உறவையும் கணக்கில் வைத்து விளைவிப்பது, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். மலேசியாவில் பினாங்கிலிருந்து என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்தான்.

கேமரன் மலையில் காய்கறி போடுகிற நம் ஆட்களுக்காக நாங்கள் சிலர் ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம், தலைப்பிலேயே நின்றுவிட்டோம். மலாயில் ‘அக்ரோஎகோலொகி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நமக்கு அது போதாது.

சென்னை ஐயா முன்வைத்த ‘வேளாண் சூழலியல்’ தவறே இல்லை. 1928இல் ருஷ்ய வேளாண் அறிஞர் பென்சின் இந்தச் சொல்லைக் கையாண்டபோது அது ஓர் ஆய்வுத்துறையின் பெயர், அதற்கு ‘இயல்’ பொருந்துகிறது. ஆனால் பிறகு லத்தீன் அமெரிக்காவில் சிறு விவசாயிகள் கையில் அது ஒரு சாகுபடி முறையாகவும் இயக்கமாகவும் வளர்ந்துவிட்டது. முட்டைக்கோஸ் போடுகிறவரிடம் போய் ‘வேளாண் சூழலியல் செய்யுங்கள்’ என்று எப்படிச் சொல்வது? இயலைப் படிக்கலாம், வயலில் செய்ய முடியாது.

‘இயற்கை விவசாயம்’ என்றே விட்டுவிடலாமே என்று ஈப்போ அக்கா கேட்டிருந்தார். நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பரப்பிய சொல், எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேட்டதும் மருந்து அடிக்காமல் விளைவிப்பது என்றுதான் மனதில் படுகிறது. மருந்தை நிறுத்துவது சின்ன விஷயம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன் அக்கா. என் பெரியம்மா தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்தவர், அவர் நகங்கள் நிறம் மாறி உதிர்ந்ததைச் சின்ன வயதில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு இங்கே மலேசியாவில் தடை என்று படித்த அன்று அவர் நினைவுதான் வந்தது. ஆனால் மருந்தை விட்டு, எரு போட்டு, சரிவு முழுக்க முட்டைக்கோஸ் ஒன்றையே நட்டால் அதையும் இயற்கை விவசாயம் என்றுதான் சொல்வோம். நாம் பெயர் தேடுவது அதற்கு இல்லை.

இழையில் வந்த ‘திணை வேளாண்மை’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நிலம், பொழுது, பயிர், விலங்கு, மனிதர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற பார்வை அதில் இருக்கிறது. சரி, கேமரனில் இருக்கும் ஓர் அண்ணனிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். “தினையா? இந்தக் குளிரில் அது எங்கே வரப்போகுது?” என்றார். காதில் விழுந்ததும் வேறொன்றாகிவிடுகிற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால்தான் ‘பல்லுயிர் வேளாண்மை’ என்கிறேன். பல உயிர்களைக் கூட வைத்துக்கொண்டு விளைவிப்பது. என்ன செய்ய வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. செம்பனையை, அதாவது பாமாயில் எடுக்கிற பனையை, எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் பல தோட்டங்களில் பூவுக்குப் பூ போய் மகரந்தத்தைக் கையால் தூவ ஆள் வைத்திருந்தார்கள். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். பூவின் சோம்பு வாசனைக்கு வருகிற அந்த வண்டு ஆண்பூவில் முட்டையிட்டு, போகிற வழியில் பெண்பூவுக்கும் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது, ஆள் வேலை நின்றுபோனது. (செம்பனைத் தோட்டம் ஒற்றைப்பயிர்த் தோட்டம்தான், அதைப் பல்லுயிர் வேளாண்மை என்று நான் சொல்லவில்லை. ஒற்றைப்பயிருக்கே இன்னோர் உயிர் வேண்டியிருக்கிறது என்பதற்குச் சொல்கிறேன்.) இங்கே பினாங்கில் பாலேக் பூலாவ் பக்கத்து டுரியான் பழத் தோட்டங்களையும் பாருங்கள், பூ விரிவது சாயங்காலம், அதைத் தேடி இரவில் வருவது தேன் குடிக்கிற குகை வௌவால். சுண்ணாம்புக் குன்றுகளை உடைத்துக்கொண்டே போனால் அந்த வௌவால் எங்கே தங்கும்? காய் பிடிப்பது குறைந்த பிறகு உரத்தைக் கூட்டி என்ன பயன்? எலிக்கு விஷம் வைப்பதற்குப் பதிலாக, எலியைப் பிடிக்கிற கூகை ஆந்தைக்குக் கூடாகப் பெட்டி கட்டிவைப்பதும் இதே வழிதான், இங்கே செம்பனையிலும் நெல்லிலும் செய்கிறார்கள்.

‘கலப்புப் பயிர்’ என்று நினைத்துவிடுவார்களே என்ற கேள்வி நியாயமானது. கலப்புப் பயிரில் நாம் நட்டது மட்டும்தான் கணக்கு. இதில் மண்புழுவும் வௌவாலும் வரப்பில் தானாக முளைத்த செடியும் சேர்த்தி.

அப்புறம், கையேட்டில் ‘சிறு, குறு விவசாயி’ என்று எழுதலாமா என்பது பற்றி. இந்தியாவில் 1 ஹெக்டேர் வரை குறு, 2 வரை சிறு என்று அளவு இருக்கிறது, இங்கே சிறுதோட்டக்காரர் என்றால்தான் புரியும். இரண்டும் இருக்கட்டும்.

துறைக்கு வேளாண் சூழலியல், செய்முறைக்கும் இயக்கத்துக்கும் பல்லுயிர் வேளாண்மை என்று பிரித்துக்கொள்ளலாமா? கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். செய்கிறவரைப் ‘பல்லுயிர் உழவர்’ என்றால் உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள், கேமரன் அண்ணனுக்கு அது பிடித்திருக்கிறது.